மடிக்கணினி வன்தட்டுப் பழுதும் தரவு மீட்பும்

மடிக்கணினி வன்தட்டுத் தரவு மீட்பு என்பது, பழுதடைந்த அல்லது பழுதடைந்துவரும் வன்தட்டு ஒன்றில் உள்ள கோப்புகளை வேறொரு சேமிப்பகத்துக்குப் பாதுகாப்பாகக் கொண்டுசெல்லும் செயல்முறை ஆகும். பழைய வன்தட்டை அகற்றிப் புதியதைப் பொருத்தும் பணியும் பெரும்பாலும் இதனுடன் சேர்ந்தே நிகழ்கிறது. எனினும் இவ்விரண்டும் வெவ்வேறு தன்மை உடையவை. வன்தட்டு கடையில் கிடைக்கும் ஒரு பொருள். அதனை இன்றும் மாற்றலாம், அடுத்த மாதமும் மாற்றலாம். அதில் பதிவாகியுள்ள தரவு அத்தகையதன்று. பழுதடைந்துவரும் வன்தட்டு இயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதிலிருந்து மீட்கக்கூடிய தரவின் அளவு குறையக்கூடும். எனவே "முதலில் நகல், பின்னரே பழுதுநீக்கம்" என்பது இத்துறையின் அடிப்படை விதியாகக் கொள்ளப்படுகிறது.

2010களின் பிற்பகுதியில் இருந்து புதிய மடிக்கணினிகளில் திண்மநிலைச் சேமிப்பகங்களே பெரிதும் பொருத்தப்படுகின்றன. ஆயினும் பழைய மடிக்கணினிகளிலும், கையடக்கமான புறநிலைச் சேமிப்பகங்களிலும் 2.5 அங்குல வன்தட்டுகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

வன்தட்டின் அமைப்பு

முதலாவது வன்தட்டு ஐபிஎம் நிறுவனத்தால் 1956 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தப்பட்டது. அது 24 அங்குல விட்டமுடைய 50 வட்டுகளைக் கொண்டிருந்தது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 3.75 மெகாபைட்டு மட்டுமே. மடிக்கணினிகளுக்கு உரிய 2.5 அங்குல வன்தட்டு 1988 இல் பிரெய்ரிடெக் என்னும் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அதன் கொள்ளளவு 20 மெகாபைட்டு ஆகும்.

வன்தட்டின் உள்ளே காந்தப் பூச்சுடைய ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வட்டுகள் ஒரு மின்னோடியால் சுழற்றப்படுகின்றன. ஒவ்வொரு வட்டின் பரப்பையும் ஒட்டி, ஒரு புயத்தின் நுனியில் அமைந்த எழுது-படி முனை நகர்கிறது. மடிக்கணினி வன்தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்றுகள் சுழல்கின்றன. 65 மில்லிமீட்டர் விட்டமுடைய வட்டு 5400 சுற்று வேகத்தில் சுழலும்போது அதன் வெளி விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 66 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. இந்த வேகத்தில் உருவாகும் மெல்லிய காற்றுப் படலத்தின்மீது முனை மிதக்கிறது. வட்டுக்கும் முனைக்கும் இடையிலான இடைவெளி சில நானோமீட்டர்களே. மனிதத் தலைமுடி ஒன்றின் தடிப்பு இதனைவிடப் பல ஆயிரம் மடங்கு ஆகும். ஆகவே ஒரு தூசித் துகள்கூட முனைக்குப் பெரும் தடையாக அமையும்.

தரவு, செக்டர் எனப்படும் சிறு துண்டங்களாக வட்டில் பதியப்படுகிறது. முன்னர் ஒரு துண்டம் 512 பைட்டு அளவுடையதாக இருந்தது. 2010 ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்த வன்தட்டுகளில் இருந்து 4096 பைட்டுத் துண்டங்கள் வழக்கத்துக்கு வந்தன. ஒவ்வொரு துண்டத்துடனும் பிழைதிருத்தக் குறிகளும் சேர்த்துப் பதியப்படுகின்றன. அக்குறிகளாலும் சரிசெய்ய முடியாத அளவுக்குப் பிழை மிகும்போது அத்துண்டம் படிக்க இயலாததாகிறது.

பழுதின் வகைகள்

வன்தட்டுப் பழுதுகளைப் பொதுவாக மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்.

1. தருக்கப் பழுது: வன்தட்டு நல்ல நிலையில் உள்ளது, ஆனால் கோப்புகள் எங்குள்ளன என்பதைக் குறித்துவைக்கும் கோப்பு முறைமை சிதைந்துள்ளது. தவறுதலாக அழித்தல், ஃபார்மட் செய்தல், நச்சுநிரல், திடீர் மின்தடை ஆகியவை இதற்குக் காரணங்கள்.
2. மின்னணுப் பழுது: வன்தட்டின் அடிப்பகுதியில் உள்ள மின்சுற்றுப் பலகை சேதமடைந்துள்ளது. மின்னழுத்த ஏற்றமும் ஈரமும் முக்கியக் காரணங்கள்.
3. இயந்திரப் பழுது: முனை, மின்னோடி, வட்டின் பரப்பு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ சேதமடைந்துள்ளன. விழுதல், அதிர்வு, நீண்டகாலத் தேய்மானம் என்பன காரணங்கள்.

மடிக்கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே இடம் மாற்றப்படுவதால் மூன்றாவது வகைக்கு அது அதிகம் ஆளாகிறது. வன்தட்டு நிறுத்தப்பட்டிருக்கும்போது முனைகள் வட்டின் தரவுப் பரப்பை விட்டு விலகி ஓய்விடத்தில் நிற்கின்றன. இயங்கும்போதோ அவை தரவின் மீதே மிதக்கின்றன. இதனால்தான் நிறுத்தப்பட்ட வன்தட்டு தாங்கும் அதிர்ச்சியை இயங்கும் வன்தட்டு தாங்குவதில்லை. இதனைக் கருத்தில் கொண்டு, மடிக்கணினி விழுவதை உணர்ந்து முனைகளை உடனே ஓய்விடத்துக்கு அனுப்பும் உணரிகளை ஐபிஎம் 2003 இலும் ஆப்பிள் 2005 இலும் தத்தம் மடிக்கணினிகளில் அறிமுகப்படுத்தின.

அறிகுறிகள்

பழுதின் வகையை அறிய வன்தட்டின் ஒலியும் நடத்தையும் உதவுகின்றன.

* குறிப்பிட்ட கோப்புறையைத் திறக்கும்போது மட்டும் கணினி உறைந்து நிற்றல், கோப்புகள் மிக மெதுவாகத் திறத்தல்: படிக்க இயலாத துண்டங்கள் உருவாகி வருகின்றன.
* சீரான இடைவெளியில் "டிக், டிக்" என்னும் ஒலி: முனை தன் இடத்தைக் கண்டறிய முடியாமல் மீண்டும் மீண்டும் முயல்கிறது. முனை சேதமடைந்திருக்கலாம்.
* வட்டு சுழலாமல் மெல்லிய பீப் அல்லது முனகல் ஒலி: முனை வட்டில் ஒட்டிக்கொண்டுள்ளது, அல்லது மின்னோடி இறுகியுள்ளது.
* எவ்வித ஒலியும் இல்லை: மின்சுற்றுப் பலகையில் பழுது இருக்கலாம்.
* வட்டு சுழல்கிறது, ஆனால் கணினி அதனை அடையாளம் காணவில்லை அல்லது கொள்ளளவைத் தவறாகக் காட்டுகிறது: வன்தட்டின் உள் மென்பொருள் சிதைந்திருக்கலாம்.
* கொள்ளளவு சரியாகத் தெரிகிறது, ஒலியும் இயல்பாக உள்ளது, ஆனால் ஃபார்மட் செய்யும்படி இயங்குதளம் கேட்கிறது: தருக்கப் பழுதாக இருக்கக்கூடும். ஆயினும் முக்கியமான துண்டங்கள் சில படிக்க இயலாமற் போனாலும் இதே செய்தி தோன்றும்.

இவ்வறிகுறிகள் எல்லாம் வன்தட்டையே குறிப்பன அல்ல. பல மடிக்கணினிகளில் வன்தட்டை முதன்மைப் பலகையுடன் இணைக்கும் மெல்லிய பட்டைக் கம்பி நாளடைவில் பழுதாகிறது. வன்தட்டை வேறொரு கணினியில் இணைக்கும்போது அது இயல்பாக இயங்குமானால் பழுது கம்பியில் இருக்க வாய்ப்புண்டு.

ஸ்மார்ட் கண்காணிப்பு

வன்தட்டுகள் தம் நிலையைத் தாமே கண்காணித்துப் பதிவு செய்கின்றன. இவ்வசதி ஸ்மார்ட் எனப்படுகிறது. இதன் பதிவுகளை ஸ்மார்ட்மான்டூல்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களால் படிக்கலாம். அவற்றுள் 5 ஆம் எண், பழுதானதால் மாற்றிடம் தரப்பட்ட துண்டங்களின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. 197 ஆம் எண், படிக்க இயலாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் துண்டங்களைக் குறிக்கிறது. 199 ஆம் எண், கம்பி வழியே தரவு செல்லும்போது நேர்ந்த பிழைகளைக் குறிக்கிறது. 199 மட்டும் உயர்ந்து, மற்றவை பூச்சியமாக இருந்தால் கம்பியைச் சோதிப்பது பொருத்தமானது.

ஸ்மார்ட் முழுமையான காவலன் அன்று. கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007 இல் ஆய்வுரை ஒன்றை வெளியிட்டனர். பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழையைக் காட்டிய வன்தட்டுகள், பிழை காட்டாதவற்றைவிட அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று அதில் கண்டறியப்பட்டது. மறுபுறம், செயலிழந்த வன்தட்டுகளில் 56 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அளவைகள் எதிலும் முன்னறிவிப்புத் தரவில்லை. அதாவது, எச்சரிக்கை வந்தால் அதனை நம்ப வேண்டும். எச்சரிக்கை வராததை நம்பியிருக்க இயலாது.

முதல் நடவடிக்கைகள்

பழுது ஐயுறப்பட்டதும் கணினியை நிறுத்துவதே முதற்செயல். இயங்குதளம் தொடங்கும்போதும் இயங்கும்போதும் வன்தட்டில் இடைவிடாது எழுதிக்கொண்டிருக்கும். மீண்டும் மீண்டும் தொடக்கிப் பார்ப்பது சேதமடைந்த முனையை வட்டின் மீது மீண்டும் மீண்டும் உரசவிடுவதாக அமையலாம்.

பின்வருவனவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

* ஃபார்மட் செய்யக் கேட்கும் செய்திக்கு உடன்படுதல்.
* இயங்குதளத்துடன் வரும் வட்டுச் சரிசெய் நிரலை இயக்குதல். இந்நிரலின் நோக்கம் கோப்பு முறைமையைச் சீராக்குவதே அன்றிக் கோப்புகளைக் காப்பது அன்று. முரண்பட்ட பதிவுகளை அது நீக்கிவிடக்கூடும்.
* இயங்குதளத்தை அதே வன்தட்டில் மீண்டும் நிறுவுதல்.
* மீட்பு மென்பொருளை அதே வன்தட்டில் நிறுவுதல், அல்லது மீட்ட கோப்புகளை அதிலேயே சேமித்தல்.

டிக் ஒலியோ உரசல் ஒலியோ கேட்டால், அல்லது வட்டு சுழலவே இல்லையென்றால், வீட்டு முயற்சிகள் அத்துடன் நிற்க வேண்டும். அத்தகைய பழுதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. தரவு விலைமதிப்பற்றதாயின் ஆய்வகத்தை நாடுவதே வழி.

வன்தட்டைக் கழற்றுதல்

மின்னேற்றியைப் பிரித்து, மின்கலத்தைக் கழற்றிய பின்னரே வன்தட்டைத் தொட வேண்டும். மின்கலம் உள்ளேயே பொருத்தப்பட்ட மாதிரிகளில் அதன் இணைப்பானை முதலில் விடுவிக்க வேண்டும். உடலில் தங்கும் நிலைமின்சாரத்தை அகற்ற, நிலத்தொடர்புள்ள உலோகப் பொருள் ஒன்றைத் தொடுவது நன்று. வன்தட்டு பொதுவாக ஓர் உலோகச் சட்டத்தினுள் சிறு திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். அச்சட்டமும் திருகாணிகளும் புதிய வன்தட்டுக்கும் தேவைப்படுவதால் பத்திரப்படுத்த வேண்டும்.

2000களின் முற்பகுதி மடிக்கணினிகளில் 44 ஊசிகள் கொண்ட ஐடிஇ இணைப்பு இருந்தது. சாட்டா தரம் 2003 இல் வெளிவந்த பின்னர், தரவுக்கு 7 தொடுமுனைகளும் மின்சாரத்துக்கு 15 தொடுமுனைகளும் கொண்ட இணைப்பு அதன் இடத்தைப் பிடித்தது. கழற்றிய வன்தட்டை யூஎஸ்பி மாற்றி ஒன்றின் வழியே வேறொரு கணினியுடன் இணைக்கலாம். 2.5 அங்குல வன்தட்டுகளுக்கு 5 வோல்ட்டு மின்சாரமே போதுமானது என்பதால் பெரும்பாலும் யூஎஸ்பி வழியாகவே அவை இயங்கும். எனினும் ஒரு யூஎஸ்பி துளையின் மின்னோட்டம் போதாமல், நல்ல வன்தட்டும் பழுதானது போல நடந்துகொள்வதுண்டு. மேசைக்கணினியின் சாட்டா இணைப்பில் நேரடியாகப் பொருத்துவது மேலும் நம்பகமானது.

சில கையடக்கப் புறநிலை வன்தட்டுகளில் சாட்டா இணைப்பே இராது; யூஎஸ்பி துளை மின்சுற்றுப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். இவற்றை உறையில் இருந்து பிரித்தெடுப்பதால் பயன் எதுவும் இல்லை.

படிமம் எடுத்தல்

வன்தட்டின் முதல் துண்டம் தொடங்கி இறுதித் துண்டம் வரை அப்படியே நகலெடுப்பது படிமம் எடுத்தல் எனப்படும். கோப்பு கோப்பாக நகலெடுக்கும்போது முனை வட்டின் பல இடங்களுக்குத் தாவ நேர்கிறது. படிமம் எடுக்கும்போது அது வரிசையாகச் செல்வதால் அதன் உழைப்பு குறைகிறது. மேலும் படிமம் ஒன்று கைக்கு வந்துவிட்டால், அதன்பின் செய்யும் முயற்சிகள் தவறினாலும் இழப்பு இல்லை. இதற்கு விதிவிலக்கு ஒன்றுண்டு: தேவைப்படுவது சில ஆவணங்கள் மட்டுமே எனில், வன்தட்டும் இன்னும் ஓரளவு இயங்கினால், அவற்றை முதலில் நகலெடுத்துவிட்டுப் பின்னர் படிமம் எடுக்கலாம்.

சாதாரண நகலெடுப்பு நிரல்கள் பழுதான துண்டத்தில் நின்றுவிடும் அல்லது நீண்டநேரம் போராடும். ஒரு துண்டத்துக்கு 10 நொடி வீதம் 10,000 பழுதான துண்டங்களில் காத்திருந்தால் மட்டும் ஏறத்தாழ 28 மணி நேரம் செலவாகும். அந்நேரம் முழுவதும் வன்தட்டு தன் மிகப் பலவீனமான பகுதியிலேயே உழன்றுகொண்டிருக்கும். நல்ல பகுதிகள் நகலெடுக்கப்படும் முன்பே அது செயலிழந்துவிடக்கூடும்.

இச்சிக்கலுக்குத் தீர்வாக அந்தோனியோ தியாசு தியாசு என்பவர் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் குனூ டிடிரெஸ்கியூ ஆகும். இது 2004 இல் முதலில் வெளியானது. பிழை எதிர்ப்பட்டதும் அப்பகுதியைத் தாண்டிச் சென்று, எளிதில் படிக்கக்கூடியவற்றை எல்லாம் முதலில் எடுத்துவிடுகிறது. அதன் பின்னரே விடுபட்ட பகுதிகளின் விளிம்புகளில் இருந்து சிறிது சிறிதாக உள்ளே செல்கிறது. எப்பகுதி எடுக்கப்பட்டது, எப்பகுதி எஞ்சியுள்ளது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், இடையில் நிறுத்தி வன்தட்டைக் குளிரவிட்டு விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

படிமம் எடுக்கும் முறை வருமாறு:

1. பழைய வன்தட்டுக்குச் சமமான அல்லது மிகுதியான வெற்றிடம் கொண்ட சேமிப்பகம் ஒன்றை ஏற்பாடு செய்தல்.
2. யூஎஸ்பி நினைவகத்தில் இருந்து நேரடியாக இயங்கும் லினக்சு தொகுப்பு ஒன்றால் கணினியைத் தொடக்குதல். பழைய வன்தட்டின் பிரிவுகள் தாமாகவே திறக்கப்படாதவாறு பார்த்துக்கொள்ளல்.
3. மூலம் எது, இலக்கு எது என்பதை மாதிரிப் பெயர், தொடரெண், கொள்ளளவு ஆகியவற்றைக் கொண்டு உறுதிசெய்தல். இவ்விரண்டும் மாறிவிட்டால் வெற்றுத் தட்டின் உள்ளடக்கம் பழைய தரவின் மீது எழுதப்பட்டுவிடும்.
4. முதல் சுற்றில் கடினமான பகுதிகளை விட்டுவிட்டு நகலெடுத்தல்.
5. அடுத்த சுற்றுகளில் விடுபட்ட பகுதிகளை மீண்டும் முயலுதல்.
6. வரைபடக் கோப்பைப் படிமத்துடன் சேர்த்துப் பாதுகாத்தல்.

பழுதில்லாத 500 கிகாபைட்டு வன்தட்டை நொடிக்கு 100 மெகாபைட்டு வேகத்தில் படிக்க ஏறத்தாழ 1 மணி 23 நிமிடம் ஆகும். பழைய யூஎஸ்பி 2.0 இணைப்பில் நொடிக்கு 30 மெகாபைட்டு வேகம் கிடைத்தால் இதற்கு ஏறத்தாழ நான்கரை மணி நேரம் தேவை. பழுதடைந்த வன்தட்டுக்குப் பல நாட்களும் ஆகலாம்.

படிமத்தில் இருந்து கோப்புகளை மீட்டல்

படிமத்துக்கு மேலும் ஒரு நகல் எடுத்து, அந்நகலில் பணியாற்றுவது நன்று. கோப்பு முறைமை சிதையாமல் இருந்தால், படிமத்தைப் படிக்க மட்டும் இயலும் வகையில் திறந்து கோப்புகளை நகலெடுத்துக்கொள்ளலாம். வட்டுச் சரிசெய் நிரலைப் பயன்படுத்த வேண்டுமாயின் அதற்குரிய இடமும் இந்நகலே.

பிரிவுகளின் அட்டவணை அழிந்திருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்னும் மென்பொருள் அதனைத் தேடி மீளமைக்க உதவும். கோப்பு முறைமை முற்றிலும் அழிந்திருந்தால் ஃபோட்டோரெக் பயன்படும். இவ்விரண்டையும் உருவாக்கியவர் கிறிஸ்தோஃப் கிரெனியே ஆவார். ஜேபெக் படங்கள் போன்ற கோப்பு வகைகள் தமக்கே உரிய அடையாள பைட்டுகளுடன் தொடங்குகின்றன. ஃபோட்டோரெக் அவ்வடையாளங்களைத் தேடிக் கோப்புகளை வெட்டி எடுக்கிறது. இம்முறையில் கோப்பின் பெயரும் கோப்புறை அமைப்பும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பல இடங்களில் சிதறிப் பதிவான கோப்புகள் குறைபட்டே கிடைக்கும்.

இங்கு கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. படிக்க இயலாத துண்டங்கள் படிமத்தில் வெறுமையாகவே இருக்கும். கோப்பின் பெயரும் அளவும் சரியாகத் தெரியும். உள்ளடக்கத்தில் மட்டும் ஓட்டை இருக்கும். படிக்க இயலாத இடங்களைப் படிமத்தில் ஒரு தனிச்சொல்லால் நிரப்பும் வசதி டிடிரெஸ்கியூவில் உள்ளது. பின்னர் அச்சொல்லைத் தேடினால் எந்தெந்தக் கோப்புகள் பாதிக்கப்பட்டுள்ளன என்பது தெரியவரும். இச்சோதனை முடியும்வரை பழைய வன்தட்டை எறிந்துவிடலாகாது.

ஆய்வகத்தில் மீட்பு

இயந்திரப் பழுதுகளைச் சரிசெய்யத் தூசி நீக்கப்பட்ட காற்றுடன் கூடிய தூய அறையோ தூய மேடையோ தேவை. அங்கு, அதே மாதிரியைச் சேர்ந்த வேறொரு வன்தட்டின் முனைகள் பழுதானதில் பொருத்தப்படுகின்றன. தரவை எடுத்து முடிக்கும்வரை மட்டும் அது இயங்கினாற் போதுமானது.

மின்சுற்றுப் பலகையை அதே மாதிரியின் பலகையால் மாற்றும் முறை பழைய வன்தட்டுகள் சிலவற்றில் பலனளித்தது. பிற்கால வன்தட்டுகளில் ஒவ்வொன்றின் முனைகளுக்கும் உரிய தனி அளவீடுகள் பலகையில் உள்ள சில்லில் பதியப்பட்டிருப்பதால், அச்சில்லையும் புதிய பலகைக்கு மாற்ற நேரிடுகிறது.

ஆய்வக மீட்பின் எல்லையைக் காட்டும் நிகழ்வாகக் கொலம்பியா விண்ணோடத்தின் வன்தட்டு குறிப்பிடப்படுகிறது. 2003 பெப்ரவரி 1 அன்று புவிக்குத் திரும்பும்போது அவ்விண்ணோடம் சிதைந்து, அதிலிருந்த எழுவரும் உயிரிழந்தனர். செனான் வளிமத்தின் பாகுநிலை பற்றிய ஆய்வுத் தரவைக் கொண்ட வன்தட்டு ஒன்று சிதைவுகளிடையே கண்டெடுக்கப்பட்டது. அதன் மின்னணுப் பகுதிகள் அழிந்திருந்தன. கிரோல் ஆன்ட்ராக் என்னும் நிறுவனம் வட்டுகளைத் தூய்மை செய்து, வேறொரு வன்தட்டின் பாகங்களுடன் பொருத்தி, தரவில் ஏறத்தாழ 99 விழுக்காட்டை மீட்டது. அவ்வாய்வின் முடிவுகள் 2008 இல் வெளியாயின. விண்ணில் இருந்து விழுந்தும் தரவு பதிந்திருந்த வட்டுப் பரப்பு சேதமடையாமல் இருந்ததே இதற்குக் காரணம். இதற்கு மாறாக, வீட்டு மேசையில் டிக் ஒலியுடன் பல மணி நேரம் இயங்கவிடப்பட்ட வன்தட்டில் முனை காந்தப் பூச்சையே சுரண்டிவிடக்கூடும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த தரவை எந்த ஆய்வகத்தாலும் மீட்க இயலாது.

தவறான நம்பிக்கைகள்

* குளிர்பதனப் பெட்டியில் வைத்தல்: வெளியே எடுத்ததும் ஈரம் வட்டுகளின் மீது படியலாம். அந்நிலையில் இயக்குவது முனையையும் வட்டையும் சேதப்படுத்தும்.
* தட்டுதல், குலுக்குதல்: ஒட்டிக்கொண்ட முனை விடுபடுவதற்குப் பதிலாக முறியக்கூடும்.
* மூடியைத் திறந்து பார்த்தல்: சாதாரண அறைக் காற்றின் தூசி உள்ளே படிந்துவிடும்.
* உத்தரவாதம் தரவையும் காக்கும் என எண்ணுதல்: உத்தரவாதத்தின்கீழ் பொதுவாக வேறொரு வன்தட்டே மாற்றாகக் கிடைக்கும், பழையதில் இருந்த தரவு திரும்பக் கிடைப்பதில்லை.

புதிய சேமிப்பகத்தைப் பொருத்துதல்

தரவு பாதுகாப்பான பின்னரே இப்பணிக்கு வர வேண்டும். இணைப்பு வகையுடன் தடிப்பையும் பார்த்து வாங்க வேண்டும். 2.5 அங்குலச் சேமிப்பகங்கள் 7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் எனப் பல தடிப்புகளில் வருகின்றன. மெல்லியதைத் தடித்த இடத்தில் பொருத்தலாம். தடித்தது மெல்லிய இடத்தில் நுழையாது. சாட்டா வகை மடிக்கணினியில் வன்தட்டுக்குப் பதிலாக அதே அளவுடைய திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தலாம். இதில் அசையும் பாகங்கள் இல்லாமையால் அதிர்வினால் ஏற்படும் பழுது பெரிதும் குறையும், வேகமும் கூடும்.

பழைய படிமத்தைப் புதியதில் அப்படியே எழுதலாம் எனினும், படிக்க இயலாத துண்டங்கள் இருந்திருந்தால் இயங்குதளக் கோப்புகளும் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஆகையால் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, பயனரின் கோப்புகளை மட்டும் நகலெடுப்பது சிறந்தது.

குறியாக்கமும் திண்மநிலைச் சேமிப்பகமும்

வன்தட்டு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் படிமமும் குறியாக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். விண்டோசின் பிட்லாக்கர் குறியாக்கத்துக்கு 48 இலக்க மீட்புத் திறவுகோல் உண்டு. சேமிப்பகத்தை வேறொரு கணினியில் திறக்க அது தேவைப்படும். திறவுகோல் இல்லையேல், வன்தட்டு முழுமையாகப் படிக்கப்பட்டாலும் தரவு கிடைக்காது. ஆகவே இதனைக் கணினிக்கு வெளியே எழுதிவைத்தல் இன்றியமையாதது.

திண்மநிலைச் சேமிப்பகங்கள் ஒலி எதுவும் எழுப்பாமலே திடீரெனச் செயலிழக்கக்கூடும். மேலும் கோப்பு அழிக்கப்பட்டதும் அவ்விடம் பயன்பாட்டில் இல்லை என்பதை இயங்குதளம் டிரிம் என்னும் கட்டளையால் சேமிப்பகத்துக்குத் தெரிவிக்கிறது. சேமிப்பகம் அவ்விடத்தைத் துடைத்துவிடுவதால், அழித்த கோப்புகளை மீட்பது வன்தட்டைவிடக் கடினம்.

காப்புநகல்

மீட்பு எப்போதும் நிச்சயமற்றது. காப்புநகல் ஒன்றே நிலையான பாதுகாப்பாகும். தரவுக்கு 3 நகல்கள், 2 வெவ்வேறு வகைச் சேமிப்பகங்கள், அவற்றுள் 1 வேறோர் இடத்தில் என்னும் 3-2-1 விதி பரவலாகப் பின்பற்றப்படுகிறது. மடிக்கணினியின் பையிலேயே வைக்கப்படும் புறநிலை வன்தட்டு இவ்விதியை நிறைவு செய்யாது; பை தொலைந்தால் இரண்டும் தொலையும். காப்புநகலில் இருந்து சில கோப்புகளை அவ்வப்போது திறந்து பார்ப்பதும் அவசியம். திறக்க இயலாத காப்புநகல், பழுதான வன்தட்டில் இருந்து வேறுபட்டதன்று.